சக்கேயு சொன்ன கணக்கு



சக்கேயு மரத்தில் ஏறிய கதை தெரியாத குழந்தை நம் ஊரில் கிடையாது. மறைக்கல்வி ஆண்டுவிழா என்றால் வகுப்பிலேயே குட்டையான பையனைத் தேடிப் பிடித்து, ஸ்டூல் மேல் ஏற்றி, கையில் ஒரு வேப்பங்கிளையைக் கொடுத்துவிடுவோம். இயேசு அண்ணாந்து பார்த்து இறங்கி வரச் சொன்னதும் எல்லாரும் கைதட்டுவோம், திரையை இழுத்துவிடுவார்கள். லூக்கா அங்கே திரையை இழுக்கவில்லை. சக்கேயுவை எழுந்து நிற்க வைத்துப் பேசவும் வைக்கிறார். அந்தப் பேச்சில் கண்ணீர் விட்டதாக ஒரு வரி இல்லை. மார்பில் அறைந்துகொண்டதாகவும் இல்லை. இரண்டு தொகைகள் இருக்கின்றன. உடைமையில் பாதி ஏழைகளுக்கு. யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால், அவருக்கு அது நான்கு மடங்காக.

முதல் தொகையைப் பற்றி நாங்கள் குருக்கள் நிறையவே பேசியிருக்கிறோம். கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டும், தேருக்குச் சக்கரம் மாற்ற வேண்டும், கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்றால் உடனே நாங்கள் எடுத்து வாசிப்பது அந்தப் பாதியைத்தான். இரண்டாவது தொகையைப் பற்றிப் பீடத்திலிருந்து பேசுவது அபூர்வம். இன்றைக்கு அதைப் பேசுவோம்.

எரிகோ பாலைவனத்துக்கு நடுவே தண்ணீர் உள்ள ஊர். பேரீச்சந் தோப்புகளும், பொன்னுக்கு நிகராக விலைபோன நறுமணப் பிசின் தரும் செடிகளும் அங்கே இருந்தன. யோர்தானுக்கு அப்பாலிருந்து எருசலேமுக்குப் போகிற சரக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் சுங்கம் வசூலிப்பதைக் குத்தகைக்கு விடுவார்கள். நம் ஊரில் சந்தைக் குத்தகை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முதலில் மொத்தத் தொகையைக் கட்டிவிட வேண்டும். பிறகு கடைக்குக் கடை போய் வசூலிக்க வேண்டும். கட்டியதற்கு மேல் எவ்வளவு பிடுங்க முடிகிறதோ அது குத்தகைக்காரருக்கு. சக்கேயு அப்படிப்பட்ட ஆட்களுக்கெல்லாம் தலைவர். அவர் வீட்டுத் திண்ணையில் இருந்த ஒவ்வொரு கல்லையும் காட்டி, இது என் கழுதைச் சுமையில் வந்த கல் என்று சொல்ல எரிகோவில் ஆள் இருந்திருக்கும். இயேசு உள்ளே போனதும் ஊரே முணுமுணுத்தது. பொறாமையால் முணுமுணுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்தக் கூட்டத்தில் பணம் இழந்தவர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது.

சக்கேயு அந்த நியாயத்துக்குப் பதில் சொல்கிறார். மோசே சட்டம் அவருக்குத் தெரியும். ஒருவன் ஆட்டைத் திருடி, அதை வெட்டிவிட்டாலோ விற்றுவிட்டாலோ, ஓர் ஆட்டுக்கு நான்கு ஆடு கொடுக்க வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல். பிடிபட்ட திருடனுக்கான தண்டம் அது. ஒருவன் தானாகவே முன்வந்து குற்றத்தை ஒத்துக்கொண்டால் லேவியர் நூலின்படி கணக்கு வேறு: எடுத்ததை முழுதாகத் திருப்பித் தந்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். சக்கேயுவை யாரும் பிடிக்கவில்லை, வழக்கும் போடவில்லை. நூறு ரூபாய்க்கு நூற்றிருபது கொடுத்து முடித்திருக்கலாம். அவரோ நூற்றுக்கு நானூறு என்கிறார். திருடனுக்குரிய தண்டத்தைத் தனக்குத் தானே விதித்துக்கொள்கிறார்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் சொத்து நூறு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது ஏழைகளுக்குப் போய்விட்டது. மிச்சம் ஐம்பது. சொத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை பங்கு, ஏமாற்றிச் சேர்த்ததாக இருந்தாலே நான்கு மடங்கு திருப்பும்போது அந்த ஐம்பதும் காலி. அதற்கு மேல் ஒரு காசு ஏமாற்றியிருந்தால் அவர் கடனாளி. ஆக, ஊர் நினைத்த அளவு அவர் மோசக்காரர் இல்லையோ? இல்லை, எல்லாம் போனாலும் போகட்டும் என்று தெரிந்தேதான் சொன்னாரா? லூக்கா சொல்லவில்லை. மறுநாள் காலையில் சக்கேயுவின் பெட்டியில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சக்கேயு பணம் கொடுத்து மீட்பை வாங்கவில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆண்டவர் அவர் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டார், வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார். இரக்கம்தான் முதலில் வந்தது. ஆனால் இரக்கம் உள்ளே வந்த வீட்டில் கணக்குப் புத்தகம் திறக்கப்பட்டது. நம் வீடுகளில் இயேசுவின் திரு இருதயப் படம் மாட்டியிருக்கிறோம். அதற்குக் கீழேயே இரும்புப் பீரோ பூட்டியிருக்கிறது.

பணம் வைத்திருப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் படிப்புக்கும் முதுமைக்கும் சேர்த்து வைப்பது விவேகம். முந்தின அதிகாரத்தில் வருகிற பணக்காரத் தலைவரிடம் எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்ன இயேசு, சக்கேயுவிடம் அப்படிக் கேட்கவும் இல்லை. நான் கேட்பது வேறு கேள்வி. நாம் தர்மமாகக் கொடுப்பதில் எவ்வளவு உண்மையிலேயே நம்முடையது?

மிலான் நகர ஆயராக இருந்த புனித அம்புரோசு நான்காம் நூற்றாண்டிலேயே இதைக் கேட்டார். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில், ஏழைக்குக் கொடுக்கும்போது உன் பொருளிலிருந்து நீ கொடுப்பதில்லை, அவனுடையதைத்தான் திருப்பிக் கொடுக்கிறாய் என்ற கருத்தைச் சொல்கிறார். இது பொதுவாக எல்லாச் செல்வத்துக்கும் பொருந்துகிற போதனை. வட்டியாகவும் பிடித்துவைத்த கூலியாகவும் வந்த பணத்துக்கோ இன்னும் கூர்மையாகப் பொருந்தும். அங்கே தர்மத்துக்கு முன்பே ஒரு கடன் நிற்கிறது. அந்தக் கடனைத் தீர்க்காமல் தர்மம் செய்வது ஒருவர் சட்டையைக் கழற்றி இன்னொருவருக்குப் போர்த்திவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வது.

இந்த ஒரு விஷயம் ஒரு குருவின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது. பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற ஸ்பெயின் நாட்டவர். 1502இல் கடல் கடந்து கரீபியன் தீவுகளுக்குப் போனவர், பிறகு குருவானார். கியூபாவில் அவருக்கு நிலம் கொடுத்தார்கள். அதில் உழைக்கவும் பொன் அரிக்கவும் அந்த மண்ணின் பூர்வகுடிகளை அவர் பெயருக்கு எழுதியும் கொடுத்தார்கள். பூசையும் வைத்தார், பண்ணையும் நடத்தினார். இப்படி ஆட்களை வைத்திருப்பதற்காக தொமினிக்கன் துறவி ஒருவர் முன்பே அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க மறுத்திருந்தார். அப்போது அது அவருக்கு உறைக்கவில்லை. 1514ஆம் ஆண்டு தூய ஆவி பெருவிழாவுக்கு மறையுரை தயாரிக்க உட்கார்ந்தார். சீராக்கின் ஞான நூல், 34ஆம் அதிகாரம். அநியாயமாய்ச் சேர்த்ததிலிருந்து செலுத்தும் பலி கறைபட்டது என்றும், ஏழையின் பொருளை எடுத்துப் பலியிடுவது தந்தையின் கண்முன்னே மகனை வெட்டுவதற்குச் சமம் என்றும், கூலிக்காரனின் கூலியைப் பறிப்பது இரத்தம் சிந்துவதே என்றும் அந்தப் பகுதி சொல்கிறது. பிறருக்கு என்று தயாரித்த மறையுரை அவரையே பிடித்துக்கொண்டது. ஆளுநரிடம் போய், எனக்குக் கொடுத்த ஆட்களைத் திருப்பி ஒப்படைக்கிறேன் என்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்பு நாளில், பீடத்தில் நின்று அதை ஊருக்கு அறிவித்தார்.

பின்னாளில் மெக்சிகோ நாட்டுச் சியாப்பாஸில் ஆயரானபோது, பூர்வகுடிகளிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுக்காதவருக்கு மன்னிப்பு வழங்கக் கூடாது என்று குருக்களுக்குக் கட்டளையிட்டார். பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். அவரால் அங்கே நெடுநாள் இருக்க முடியவில்லை. அவர் அப்பழுக்கற்ற மனிதர் என்றும் சொல்ல மாட்டேன். பூர்வகுடிகளுக்குப் பதில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒரு காலத்தில் யோசனை சொன்னவர் அவர், பிறகு அதற்காகக் கடுமையாக வருந்தி எழுதினார். என்னை உலுக்குவது வேறொன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் கண்முன்னே மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சட்டப்படி நடந்தது, ஆலயத்தில் காணிக்கையும் விழுந்துகொண்டிருந்தது.

இனி நம் தெருவுக்கு வருவோம்.

காலை ஏழு மணிக்கு மீன் எடுக்கப் போகிற அக்காவுக்கு முதல் வேண்டும். பத்தாயிரம் கடன் என்று நோட்டில் எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள். நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐநூறுதானே வட்டி, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாக அவர் கையில் நிற்பது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு நூறு நாளில் 1,500. ஆண்டுக்கு என்று பார்த்தால் நூற்றுக்கு நூற்றிருபதைத் தாண்டும். இது மரியாதையான தண்டல். பத்து வட்டி என்றால் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து. மீட்டர் வட்டி என்றால் தவணை தவறத் தவற ஏறிக்கொண்டே போகும். ஈடாக வெற்றுக் காசோலை, கையெழுத்து மட்டும் போட்ட புரோநோட்டு, சம்பளம் விழுகிற ஏடிஎம் கார்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே இதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் பெயராகச் சொல்லித் தடுக்கிற சட்டம் அது. சட்டம் இருக்கும்போதுதான், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் எரிந்துபோனார். கந்துவட்டிக் கொடுமை என்று மனு மேல் மனு கொடுத்திருந்த குடும்பம். அந்தச் சின்னக் குழந்தைகளின் படத்தைப் பார்த்த யாரும் மறந்திருக்க முடியாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கொடும் வட்டியைப் பற்றி எங்கே பேசுகிறது தெரியுமா? களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளையின் கீழ் மட்டும் என்று நினைத்திருப்பீர்கள். கொலை செய்யாதே என்ற ஐந்தாம் கட்டளையின் கீழும் பேசுகிறது. பேராசை பிடித்த வட்டி வியாபாரத்தால் சகோதரர்கள் பசிக்கும் சாவுக்கும் ஆளானால், அப்படிச் செய்தவர் மறைமுகமாகக் கொலை செய்தவர், அந்தப் பழி அவர்மேல்தான் என்கிறது 2269ஆம் எண். நான் பிடித்துத் தள்ளவில்லையே, அவராகத்தானே செய்துகொண்டார் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் இன்னும் கடுமை. ஊரறிந்த வட்டிக்காரருக்கு நற்கருணை கிடையாது. அந்தப் பாவத்திலேயே இறந்தால் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது. அவர் காணிக்கையையும் எந்தக் குருவும் வாங்கக் கூடாது. அன்று அவர்கள் வட்டி என்று எண்ணியதும் இன்று வங்கியில் நடப்பதும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கடைசி விதியைப் படித்துவிட்டு நம் ஆலயத்தின் மின்விசிறிகளை அண்ணாந்து பார்த்தேன். இறக்கைக்கு இறக்கை உபயம் எழுதியிருக்கிறது. யார் பணம் என்று நாங்கள் கேட்டு வாங்கியதில்லை. இனிமேல் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

கடன் வாங்குகிறவர்களிடமும் ஒரு சொல். புனித பசிலியார் வட்டிக்காரர்களைச் சாடிப் பேசிய அதே மறையுரையில் கடனாளிகளையும் விடவில்லை. கடனில்லாத ஏழையாக இருப்பதே மேல் என்று அறிவுரை சொன்னார். மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்குகிறவரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். புதுநன்மை விழாவுக்கு மண்டபம் பிடித்து, பிளெக்ஸ் வைத்து, ஊர் என்ன சொல்லும் என்பதற்காகப் பத்து வட்டிக்கு வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஊர் ஒரு வாரம் பேசும், நீங்கள் மூன்று வருஷம் கட்டுவீர்கள்.

வட்டிக்குக் கொடுப்பவர்கள் மட்டும்தான் இதில் மாட்டுவார்கள் என்று மற்றவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். ஏழைக் கூலிக்காரரின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது இணைச்சட்ட நூல். அதை நம்பித்தான் அவர் உயிர் வாழ்கிறாராம். கொத்தனாருக்கு, பெயிண்டருக்கு, வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கு, அடுத்த வாரம் வா என்று சொல்லி அனுப்பியவர்கள் எத்தனை பேர்? அந்தப் பாக்கி இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. திருச்சபை நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறொரு தொகையைக் கையில் கொடுக்கும் பழக்கம் ஒரு பள்ளியில் இருந்தாலும், அந்தப் பள்ளியின் சுவரில் எந்தப் புனிதரின் பெயரை எழுதினாலும் அது திருட்டுதான். நம் உபதேசியாருக்கு மாதம் என்ன கொடுக்கிறோம் என்பதை அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் நானே எடுத்து வைக்கப் போகிறேன். திருவிழா வாணவேடிக்கைச் செலவையும் அதே தாளில் பக்கத்திலேயே எழுதி வைப்பேன்.

அப்புறம் நகை. மருமகள் கொண்டுவந்த முப்பது பவுனில் இருபது எங்கே? மாமியார் பெயரில் அடகில் இருக்கிறது, மகனின் பைக்காக ஓடுகிறது, நாத்தனார் கல்யாணத்தில் கைமாறிவிட்டது. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961ஆம் ஆண்டின் சட்டம் சொல்வது எல்லாருக்கும் தெரியும். வேறொருவர் கைக்குப் போன வரதட்சணையைக் குறித்த காலத்துக்குள் அந்தப் பெண்ணிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. நாட்டின் சட்டமே சக்கேயுவின் வழிக்கு வந்துவிட்டது. நாம்தான் இன்னும் வரவில்லை.

இதெல்லாம் பேசலாம், நடக்குமா என்கிறீர்களா? நடந்திருக்கிறது. நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் வாசியுங்கள். எருசலேம் மதிலை எழுப்பிக்கொண்டிருந்த நேரம். ஏழைகளும் அவர்கள் மனைவியரும் வந்து கூக்குரலிடுகிறார்கள். வயலை அடகு வைத்தோம், தோட்டத்தை வைத்தோம், வீட்டை வைத்தோம், பிள்ளைகளையே அடிமைகளாக விடுகிறோம், வாங்குவது நம் சொந்தச் சகோதரர்களே என்கிறார்கள். நெகேமியாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு நிற்காமல் ஊர்க்கூட்டம் போட்டார். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்தவர்கள்தான் என்பதை மறைக்கவில்லை. வட்டியை விட்டுவிடுவோம், வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் ஒலிவத் தோப்பையும் வீட்டையும் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பணத்திலும் தானியத்திலும் இரசத்திலும் எண்ணெயிலும் வாங்கிய நூற்றில் ஒரு பங்கையும் திருப்புங்கள் என்றார். அவர்களும் சரி என்றார்கள். சரி என்று சொன்னதை மட்டும் நம்பி விட்டுவிடாமல், குருக்களை வரவழைத்து அவர்கள் முன் ஆணையிட வைத்தார். பிறகு தன் மேலாடையின் மடிப்பை உதறிக் காட்டி, சொன்ன சொல்லைக் காக்காதவனைக் கடவுள் இப்படி உதறுவாராக என்றார். மதிலும் எழும்பியது.

எப்படித் திருப்புவது என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்பவர்கள் உண்டு. வழி இருக்கிறது. யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே கொடுங்கள். அவர் இறந்திருந்தால் பிள்ளைகளிடம். ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் ஏழைகளுக்கு. ஆலயக் கொடிமரத்துக்கு அல்ல. மொத்தமாக முடியாவிட்டால் தவணையில் கொடுங்கள், தவணை வாங்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கவும் தெரியும். நேரில் போக வெட்கமாக இருந்தால் ஒரு குருவின் வழியாக அனுப்பலாம். யார் கொடுத்தது என்று அவர் சொல்ல மாட்டார். கந்துவட்டியில் சிக்கியவர்கள் தனியாகத் தவிக்க வேண்டாம், என்னிடம் வாருங்கள், சட்டம் தெரிந்தவர்களோடு சேர்ந்து போவோம். அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுக்க அன்பியங்கள் வழியாக ஒரு நிதி தொடங்கவும் யோசனை இருக்கிறது. இது புதுமை இல்லை. 1462இல் இத்தாலியின் பெரூஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்காகக் குறைந்த செலவில் அடகு நிலையம் தொடங்கினார்கள், அது பல நகரங்களுக்கும் பரவியது. வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் பேசியிருக்கிறேன். முதல் போட ஆள் தேவை.

சற்று நேரத்தில் நம்பிக்கை அறிக்கை சொல்வோம், அதன்பின் மன்றாட்டு, பிறகு காணிக்கைப் பை வரும். பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் அவனோடு சரிசெய்துகொள்ளச் சொன்னார் இயேசு. அதனால் யாருக்காவது கூலி பாக்கி வைத்திருப்பவர்கள், யாருடைய புரோநோட்டையாவது அநியாய வட்டிக்குப் பிடித்து வைத்திருப்பவர்கள், இன்றைக்குப் பையில் எதுவும் போட வேண்டாம். அந்த உறையை அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பூசை முடிந்ததும் உரியவர் வீட்டுக்குப் போங்கள். காணிக்கை ஏன் குறைந்தது என்று நிதிக்குழு என்னிடம் கேட்கும். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.